பல் பிடுங்கிய குழியில் விட்டுவந்த துணி

போன மாதம் கீழ்த் தாடையில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவன் என்பதால் ரத்தம் சட்டென்று நிற்கவில்லை. டாக்டரம்மா ஒரு சின்ன உறையைப் பிரித்தார். உள்ளே கொசுவலை மாதிரி மெல்லிய துணி, வெளிறிய மஞ்சள் நிறம். அதில் நகம் அளவுக்கு வெட்டி, இடுக்கியால் பல் குழிக்குள் அமுக்கி வைத்தார். அதற்கு மேல் வழக்கமான காஸ் துணியைச் சுருட்டி வைத்துக் கடிக்கச் சொன்னார்.

“இந்தப் பஞ்சை அரை மணி நேரம் கடிச்சிட்டு இருங்க சார், அப்புறம் எடுத்துப் போட்டுடலாம். உள்ள வெச்ச துணியை மட்டும் நாக்கால நோண்டாதீங்க. அது தானா கரைஞ்சிடும்.”

வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் கேள்வி கேட்க முடியவில்லை. பஞ்சை எடுத்ததும் முதல் வேலையாகக் கேட்டேன், அது என்ன துணி என்று. “ரெண்டுமே செல்லுலோஸ்தான் சார். ஒண்ணு கரையாது, ஒண்ணு கரையும். அவ்வளவுதான் வித்தியாசம்.”

அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு என்று தேடிப் படித்ததன் விளைவு இந்தக் கட்டுரை. செடி கொடிகளின் நாரை மருத்துவத்தில் பயன்படுத்துவது பற்றி எதைப் படித்தாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: இதை உடம்புக்குள் விடலாமா, எடுத்துவிட வேண்டுமா?

முதலில் செல்லுலோஸ். பஞ்சு, சணல், வாழை நார், மரக்கூழ், நாம் எழுதும் காகிதம் எல்லாவற்றுக்கும் முதுகெலும்பு இதுதான். குளுக்கோஸ் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் செல்லுலோஸ். அப்படியானால் மாவுச்சத்து? அதுவும் குளுக்கோஸ் சங்கிலிதான். நெல்லில் அரிசியும் வைக்கோலும் ஒரே சர்க்கரையால் ஆனவை என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் உண்மை அதுதான். கோர்க்கும் விதத்தில்தான் மாற்றம். மாவுச்சத்தில் குளுக்கோஸ் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி இணைகின்றன. அதனால் சங்கிலி சுருளும், தளர்வாக இருக்கும். செல்லுலோஸில் ஒன்று விட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி இணைகிறது. அதனால் சங்கிலி நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. நாருக்கு வலு வருவது இப்படித்தான்.

நம் எச்சிலிலும் குடலிலும் இருக்கும் நொதிகளுக்கு மாவுச்சத்தின் பூட்டைத் திறக்கத் தெரியும், செல்லுலோஸின் பூட்டைத் திறக்கத் தெரியாது. மாட்டுக்கும் சொந்தமாகத் தெரியாது; அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்கின்றன. நம் சதைக்குள்ளோ ரத்தத்திலோ அப்படி யாரும் குடியில்லை. ஆகவே உடம்புக்குள் போன பஞ்சு பஞ்சாகவே கிடக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

பருத்திப் பஞ்சு காயத்துக்கு வந்தது இன்று நேற்றல்ல. போரில் பட்ட புண்ணுக்கு வைத்த பஞ்சைக்கூட இன்னும் எடுக்காத வீரர்களை ‘பஞ்சியும் களையாப் புண்ணர்’ என்கிறது புறநானூறு. சுசுருத சம்ஹிதை காயம் தைக்கும் நூல்களைச் சொல்லும்போது அச்மந்தகம் என்ற மரத்தின் பட்டை நாரையும், சணல் நூலையும், ஆளிச் செடியின் நூலையும் சேர்த்துச் சொல்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் பஞ்சும் இன்று மருந்துக் கடையில் நீலக் காகிதம் சுற்றி விற்கும் பஞ்சும் ஒன்றல்ல. ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தால் புரியும்.

வெடித்த பருத்திக் காயிலிருந்து கொஞ்சம் பஞ்சை விதை நீக்கி எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடைப் பஞ்சிலும் அதே அளவு. இரண்டையும் தண்ணீர்ப் பாத்திரத்தில் மெதுவாகப் போடுங்கள். மருந்துக் கடைப் பஞ்சு சில விநாடிகளில் நனைந்து மூழ்கும். செடிப் பஞ்சு மிதந்துகொண்டே இருக்கும். விரலால் அமுக்கினாலும் மேலே வரும். இலவம் பஞ்சு கிடைத்தால் அதையும் போடுங்கள். அது இன்னும் பிடிவாதம். ஒரு காலத்தில் உயிர் காக்கும் மிதவைச் சட்டைகளுக்குள் அதை அடைத்ததற்கு அந்தப் பிடிவாதம்தான் காரணம்.

பருத்தி இழை ஒவ்வொன்றும் விதைத் தோலில் இருந்து நீண்டு வளர்ந்த ஒரே ஒரு செல். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ். ஆனால் மேற்புறத்தில் மெழுகும் பெக்டினும் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. மழையில் விதை நனைந்து அழுகாமல் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். காயத்தில் வைக்கும் பஞ்சு ரத்தத்தைக் குடிக்க வேண்டுமே! அதனால் பஞ்சைக் காஸ்டிக் சோடா கரைசலில் அழுத்தத்தில் கொதிக்க வைத்து மெழுகைப் போக்குகிறார்கள், பிறகு வெளுக்கிறார்கள். மிஞ்சுவது கிட்டத்தட்டச் சுத்தமான செல்லுலோஸ். செல்லுலோஸுக்குத் தண்ணீர் என்றால் உயிர்.

சரியாக மெழுகு போயிற்றா என்று பார்க்க அரசு தர நூல்கள் சொல்லும் சோதனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். செம்புக் கம்பியில் பின்னிய சின்னக் கூடையில் 5 கிராம் பஞ்சைத் தளர்வாக வைத்துத் தண்ணீரில் போட வேண்டும். 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும். அப்புறம் எடுத்து, சொட்டு வடிய விட்டு, எடை போட வேண்டும். பிரிட்டிஷ் தர நூலின்படி ஒரு கிராம் பஞ்சு குறைந்தது 23 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

இப்படித் தண்ணீர் குடிக்கும் பஞ்சை இரண்டு காஸ் துணிகளுக்கு நடுவே வைத்துக் கட்டுத்துணியாக்கியவர் பர்மிங்ஹாம் அறுவை மருத்துவர் சாம்சன் கேம்ஜீ. ஆண்டு 1880. இன்றும் ஆஸ்பத்திரிகளில் பெரிய கட்டுக்குப் பயன்படும் ‘பேட்’ அதே வடிவம்தான். காஸ் துணியும் பருத்திதான், தளர்வாக நெய்தது. நம் ஊர்ப் பக்கம் ராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டி வட்டாரத்தில் பேண்டேஜ் துணி நெய்வதே பெருந்தொழில். தறியில் நூல் அறாமல் இருக்கக் கஞ்சி போட்டு நெய்து, பிறகு அந்தக் கஞ்சியைப் போக்கி வெளுத்தால்தான் துணி ஈரம் உறிஞ்சும். மெழுகானாலும் கஞ்சியானாலும் செல்லுலோஸை மறைக்கும் எதையும் விடக்கூடாது.

சரி, உறிஞ்சும் பஞ்சு கிடைத்தாயிற்று. அதை உள்ளே வைத்துத் தைத்துவிட்டால் என்ன ஆகும்?

வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. ஆனால் தவறிப்போய் நடந்திருக்கிறது, அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு: காசிப்பிபோமா. பருத்திக்கான லத்தீன் சொல்லையும், ஒளிவிடம் என்ற பொருளில் ஒரு சுவாஹிலிச் சொல்லையும் சேர்த்து உண்டாக்கியது. ரத்தத்தில் ஊறி, குடலோடு குடலாக நிறம் மாறிக் கிடக்கும் துணியைக் கண்ணால் கண்டுபிடிப்பது எளிதல்ல. உடம்பு அதைக் கரைக்கப் பார்க்கும், முடியாது. அப்புறம் அதைச் சுற்றி நார்த்திசுவால் சுவர் எழுப்பிச் சிறை வைக்கும். இல்லையென்றால் சீழ் பிடிக்கும். சிறை வைத்த துணி பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் ‘கட்டி’ என்று தெரியவந்த கதைகள் மருத்துவ இதழ்களில் உண்டு. ஆபரேஷன் தியேட்டரில் தைப்பதற்கு முன் நர்ஸ் சத்தமாகத் துணிகளை எண்ணுவது இதற்காகத்தான். அறுவைக்கான காஸ் துணிகளில் பேரியம் சல்பேட் கலந்த ஒரு நீல இழையைக் கோத்திருப்பார்கள். பருத்தி எக்ஸ்ரேயில் தெரியாது; அந்த இழை தெரியும்.

வாய்க்குள் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. ரூட் கெனால் செய்யும்போது வேரின் கால்வாயைத் துடைத்து உலர்த்த ஊசி போன்ற காகிதக் குச்சிகளை விடுவார்கள், பேப்பர் பாயிண்ட் என்று பெயர். அதுவும் செல்லுலோஸ். அதிலிருந்து ஒரு துணுக்கு வேர் நுனியைத் தாண்டி எலும்புப் பக்கம் போய்விட்டால், சிகிச்சை நன்றாக நடந்திருந்தும் அந்த இடம் ஆறாமல் அடம் பிடிக்கும். இன்னொரு விஷயம் நம் சமையலறையைத் தொடுவது. சொத்தைப் பல் வழியாகவோ பல் பிடுங்கிய குழி வழியாகவோ பருப்பு, பயறு வகையின் துணுக்குகள் திசுவுக்குள் புகுந்துவிடுவதுண்டு. அதில் இருந்த மாவு கரைந்துபோகும், செல்லுலோஸ் சுவர் மட்டும் கரையாமல் நின்று நாள்பட்ட வீக்கத்தைக் கிளப்பும். பல் நோயியலில் இதற்குப் ‘பருப்புக் கட்டி’ என்கிற பொருளிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன அரிசி-வைக்கோல் பாடம் தாடைக்குள் நடக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது என் பல் குழியில் வைத்த துணிக்கு வரலாம்.

அதன் கதை ஆஸ்பத்திரியில் தொடங்கவில்லை, புகைப்படக் கம்பெனியில் தொடங்கியது. அந்தக் காலத்து ஃபிலிம் சுருளே செல்லுலோஸை ரசாயன மாற்றம் செய்து எடுத்ததுதான். அதனால் கோடாக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் செல்லுலோஸ் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். அங்கே யாக்கல், கென்யன் என்ற இருவர் செல்லுலோஸை நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவில் வைத்து ஆக்சிஜனேற்றம் செய்ததை 1942-இல் எழுதி வெளியிட்டார்கள். பார்க்கப் பஞ்சும் துணியும் அதே வடிவத்தில்தான் இருந்தன. ஆனால் குணம் மாறியிருந்தது. இந்தப் பஞ்சு லேசான காரத்தில் கரைந்தது! அடுத்த ஆண்டே நியூயார்க்கில் மருத்துவர் வர்ஜீனியா ஃபிரான்ட்ஸ் இதை உடலில் கரையும் பஞ்சாகவும் துணியாகவும் பயன்படுத்தலாம் என்று எழுதினார். அறுவை சிகிச்சையில் பெண்கள் அரிதாக இருந்த காலம் அது.

என்னதான் மாறியது? குளுக்கோஸ் ஒவ்வொன்றிலும் ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஆல்கஹால் தொகுதி என்பார்கள். ஆக்சிஜனேற்றத்தில் அந்தக் கைகளில் பல கார்பாக்சில் என்னும் அமிலத் தொகுதியாகின்றன. கரையும் துணிக்கு எடையில் 16 முதல் 24 சதவீதம் வரை இந்தத் தொகுதி இருக்க வேண்டும் என்று அமெரிக்க தர நூல் வகுத்திருக்கிறது. விளைவு இரண்டு. பக்கத்துச் சங்கிலிகள் முன்போல இறுகப் பிடித்துக்கொள்ள முடியாது. சங்கிலியும் அமிலச் சூழலில் நிலையாக இருக்கும், ஆனால் நம் உடம்பின் லேசான காரத்தில் (ரத்தத்தின் பி.எச். சுமார் 7.4) துண்டு துண்டாக அறும். அறுந்த துண்டுகளை வெள்ளணுக்கள் விழுங்கி முடிக்கும். பூட்டுக்குச் சாவி செய்யவில்லை, பூட்டையே தகரமாக்கிவிட்டார்கள்.

முதலில் பருத்தியில்தான் செய்தார்கள். பருத்தியில் ஆக்சிஜனேற்றம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறாது, அதனால் கரைவதும் ஒரே மாதிரி இராது. 1960 வாக்கில் ரேயான் இழைக்கு மாறினார்கள். மரக்கூழைக் கரைத்து, துளைகள் வழியே பிழிந்து, மறுபடி செல்லுலோஸாகவே உறைய வைப்பது ரேயான். இழைகள் இடியாப்பம் மாதிரி சீராக வரும். அதைப் பின்னித் துணியாக்கி, பிறகு ஆக்சிஜனேற்றம் செய்கிறார்கள். என் பல்லில் இருந்தது இந்த வகை.

மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தபோது கொஞ்சம் பயந்துவிட்டேன். குழிக்குள் கறுப்பாக, கூழாக ஏதோ இருந்தது. அழுகிவிட்டது என்றே நினைத்தேன். போனில் கேட்டால் டாக்டரம்மா சிரித்தார். அந்தத் துணி அமிலம் அல்லவா? ரத்தத்தின் ஹீமோகுளோபின் அதில் பட்டதும் பழுப்பாகிக் கறுக்கிறது. துணி ரத்தத்தை உறிஞ்சி உப்பிக் கூழாகி அடைப்பு மாதிரி உட்கார்ந்துகொள்கிறது, ரத்தம் உறைவதற்குப் பிடிமானமும் தருகிறது. அதே அமிலத்தன்மை கிருமிகளையும் கொஞ்சம் அடக்கி வைக்கிறது.

கெட்ட பக்கமும் உண்டு. விளம்பரம் அதைச் சொல்லாது, உறையில் வரும் குறிப்பு சொல்லும். உப்பும் துணியை எலும்புக்குள், நரம்புக்குப் பக்கத்தில் அடைத்தால் நரம்பை நெருக்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேருக்கு அடியில்தான் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. அமிலமும் அதற்கு ஆகாது. நிறைய வைத்தால் எலும்பு வளர்வதும் தாமதமாகும். ரத்தம் உறைய வைக்கும் த்ராம்பின் மருந்தை இதோடு சேர்த்து ஊற்றினால் அமிலம் அந்த மருந்தைக் கெடுத்துவிடும். நகம் அளவுக்கு மட்டும் ஏன் வெட்டினார் என்பது இதைப் படித்த பிறகுதான் விளங்கியது. சின்ன அளவு என்றால் ஓரிரு வாரங்களில் போய்விடும்.

கரையாது, கரையும் என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது சாதி இருக்கிறது: கழுவினால் போவது. அது ஆல்ஜினேட். கண்டிப்பாகப் பேசினால் இது செடி நாரல்ல, பழுப்புக் கடற்பாசியில் இருந்து எடுப்பது. தாவரவியலாளர்கள் பழுப்புப் பாசியைச் செடிக் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. ஆனாலும் இதை விட்டுவிட மனசில்லை. மன்னார் வளைகுடாக் கரையில், மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்தில் கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று சொல்லும் வகைகளை எடுத்து ஆல்ஜினேட் தயாரிப்புக்கு விற்பது பல காலமாக நடக்கிறது.

பல் செட்டுக்கு அளவெடுத்தவர்களுக்கு ஆல்ஜினேட் தெரியும், பெயர் தெரியாமல் இருக்கலாம். ஒரு தட்டில் ரோஸ் நிற மாவைக் குழைத்து வாயில் அமுக்குவார்கள், ஓக்காளம் வரும், இரண்டு மூன்று நிமிடத்தில் ரப்பர் மாதிரி இறுகும். சோடியத்தோடு இருக்கும் ஆல்ஜினேட் தண்ணீரில் கரையும்; மாவில் கலந்திருக்கும் கால்சியம் வந்து சங்கிலிகளைப் பிடித்துக் கட்டியதும் இறுகும். அதற்கு முன் அளவெடுக்கப் பயன்பட்டது அகர் என்ற இன்னொரு கடற்பாசிக் கூழ்; இரண்டாம் உலகப் போரில் ஜப்பானில் இருந்து அது வருவது நின்றுபோன பிறகுதான் மேலை நாட்டுப் பல் மருத்துவர்கள் இதற்கு மாறினார்கள். புண்ணுக்கு வைக்கும் ஆல்ஜினேட் துணியில் இதே ரசாயனம் தலைகீழாக நடக்கிறது. ஆல்ஜினேட் கரைசலைக் கால்சியம் குளோரைடு தொட்டிக்குள் இழை இழையாகப் பிழிந்து நாராக்குகிறார்கள். அந்த நாரைக் கசியும் புண்ணில் வைத்தால், புண் நீரில் இருக்கும் சோடியம் உள்ளே போய்க் கால்சியம் வெளியே வரும், நார் கூழாகும். மாற்றும்போது உப்புத் தண்ணீர் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். காய்ந்த காஸ் துணியைப் பிய்த்து எடுத்த வலி தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

வாழை நார், கற்றாழை நார், மூங்கில் நார் எல்லாம் பல் செட்டுக்குள் வரப்போகிறது என்று அடிக்கடி செய்தி வருகிறது. பல் செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் கீழே விழுந்தால் உடையும். கான்கிரீட்டுக்குக் கம்பி போல நார் சேர்த்தால் வலு கூடும் என்பது யோசனை. ஆய்வகத்தில் பலர் செய்து பார்க்கிறார்கள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. செல்லுலோஸுக்குத் தண்ணீர் பிடிக்கும், அக்ரிலிக்குக்குப் பிடிக்காது, இரண்டும் ஒட்டாது. ஒட்ட வைக்கக் காஸ்டிக் சோடாவில் கழுவி, மேலே சிலேன் என்ற இணைப்புப் பொருளைப் பூச வேண்டும் (பஞ்சுக்கும் இதே காஸ்டிக் சோடாதான், அங்கே தண்ணீர் குடிக்க வைக்க, இங்கே பிசினோடு ஒட்ட வைக்க). அப்படிச் செய்தாலும் வாய் இருபத்து நான்கு மணி நேரமும் ஈரம். ஈரம் குடித்து நார் உப்பினால் ஒட்டு விடும். கண்ணாடி இழைக்கு அந்தத் தொல்லை குறைவு.

அதைவிட எனக்கு வியப்பாக இருப்பது, கரையாது என்ற அதே குற்றத்தையே குணமாக்கும் முயற்சி. கனடாவில் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பெல்லிங் குழுவினர் ஆப்பிளை மெல்லிசாக வெட்டி சோப்புக் கரைசலில் ஊற வைத்தார்கள். அது நம் பற்பசையில் நுரை வரச் சேர்க்கும் அதே சரக்கு, சோடியம் லாரில் சல்பேட். ஆப்பிளின் செல்களில் இருப்பதெல்லாம் கழுவிப் போக, செல்லுலோஸ் சுவர்கள் மட்டும் தேன்கூடு மாதிரி நின்றன. அந்த அறைகளுக்குள் பாலூட்டி செல்களை வளர்த்து 2014-இல் வெளியிட்டார்கள். பிறகு எலியின் தோலுக்கு அடியில் வைத்துப் பார்த்தபோது, எலியின் செல்களும் ரத்தக் குழாய்களும் அதற்குள் குடியேறின. 2017-இல் அமெரிக்காவில் வூஸ்டர் பாலிடெக்னிக்கில் கிளென் காடெட் குழு கீரையில் இதையே செய்தது. பசலை வகைக் கீரை இலை ஒன்றின் பச்சையெல்லாம் போய்க் கண்ணாடித் தாள் மாதிரி ஆனது. அதன் மேல் வளர்த்த மனித இதயத் தசைச் செல்கள் துடித்தன. இலை நரம்புக்குள் சாயம் செலுத்திப் பார்த்தால் ரத்தக் குழாய் மாதிரியே ஓடியது.

துணியை மறந்து உள்ளே விட்டால் கெடுதி, ஆப்பிள் சட்டகத்தை விட்டால் நன்மை, இரண்டும் செல்லுலோஸ்தானே? இங்கே வடிவமும் சுத்தமும்தான் பேசுகின்றன. சிறு அறைகள் திறந்திருந்தால் செல்கள் உள்ளே போய் வேலை பார்க்கின்றன. மடித்துச் சுருட்டிய துணிப் பந்துக்குள் ரத்தக் குழாய் நுழைய வழியில்லை. ஆனால் இவை இன்னும் எலி, ஆய்வகம் என்ற கட்டத்தில் இருப்பவை, நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடாது.

கொஞ்சம் முன்னே போயிருப்பது பிரம்பு. இத்தாலியில் ஃபாயென்சா என்ற ஊர், பீங்கானுக்குப் பேர்போனது. அங்கே அன்னா டாம்பியேரி குழுவினர் நாற்காலி பின்னுகிற பிரம்பைத் துண்டு போட்டுக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கினார்கள். அந்தக் கரியைக் கால்சியத்தோடும், பிறகு ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, பாஸ்பேட் என்று வரிசையாகவும் வினைபுரிய வைத்து, நம் எலும்பில் இருக்கும் ஹைட்ராக்சி அபடைட் கனிமமாக மாற்றினார்கள். கடைசியில் கையில் இருப்பதில் செல்லுலோஸ் துளியும் கிடையாது. ஆனால் பிரம்பை வெட்டினால் முனையில் தெரியுமே, சல்லடைக் கண் மாதிரி குழாய்கள், அவை அப்படியே இருக்கின்றன. செம்மறி ஆடுகளின் காலெலும்பில் வைத்தபோது அந்தக் குழாய்களுக்குள் புது எலும்பும் ரத்தக் குழாய்களும் வளர்ந்தன. பிரம்புக்குத் தண்ணீர் ஏறிய வழியில் ஆட்டுக்கு ரத்தம் ஏறியது.